மூக்கு திறந்த தவசுகாலம்

மார்ச் 9, 1946
புதன்கிழமை தவசுகாலம் தொடங்கி நெற்றியில் சாம்பல் வாங்கியதிலிருந்து மூக்குப்பொடியைத் தொடவில்லை. நானாகச் செய்துகொண்ட பொருத்தனை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் பிளாரன்ஸ் தன் பாயைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டாள். ஏன் என்றால், "சும்மாதான்" என்கிறாள். சொந்தப் பெண்டாட்டியைத் திரும்பக் கேட்டு மாதாவுக்குப் பொடியைக் காணிக்கை வைத்த கருவாட்டு வியாபாரி, திரேஸ்புரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்ச் 14
கிட்டங்கியில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே, என்னமோ செத்துக் கிடக்கிறது. மூட்டைகளையெல்லாம் புரட்டச் சொன்னேன். ஒன்றுமில்லை.

மார்ச் 16
கொழும்புக்குப் போகவேண்டிய வாளைக் கருவாடு கெட்டுவிட்டது என்று ஒதுக்கச் சொன்னேன். கூட்டாளி விக்டர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். "நல்ல சரக்குவே. ஒமக்குத்தான் என்னமோ ஆயிட்டு. எம்பொண்டாட்டி மாசமா இருக்கையில இப்பிடித்தான்." கூலியாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் எனக்கு மசக்கை!

மார்ச் 17
பூசையில் தூபம் எழும்பியதும் வெளியே ஓடி வந்துவிட்டேன். சாம்பிராணிக்கு ஓடுகிறவனை ஊர் என்ன சொல்லும்? போன மாதம் எனக்கு வந்த காய்ச்சலுக்குத் தின்ற கொயினா மாத்திரையின் வேலையா? கண்ணேறா? இந்த மூஞ்சிக்கு யார் கண் வைப்பார்கள்?

மார்ச் 22
டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.
"பொடி போடுவீரோ?"
"விட்டுட்டேன்."
"அதான். இம்புட்டுக் காலமும் அடைச்சு வச்சிருந்தீரு, இப்பத்தான் தொறந்திருக்கு. நோய் இல்ல, சொகம்."
சுகத்துக்கு மருந்து கிடையாதாம்.

மார்ச் 23
வீட்டிலும் அதே நாற்றம். கட்டில், அலமாரி, தண்ணீர்ப் பானை — நாய் மாதிரி மோந்துகொண்டு திரிந்தேன். எங்கே போனாலும் கூடவே வந்தது. சட்டையைக் கழற்றி முற்றத்தில் எறிந்தேன். அப்போதும் போகவில்லை.
நான்தான்.

பிளாரன்ஸ் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏளா, எம்மேல நாறுதா?"
"இம்புட்டு நாளும் தெரியலியாக்கும்?"
"சொல்லப்படாதா?"
"சோறு போடுத தொழில நாறுதுன்னு எப்பிடிச் சொல்ல? முன்னெல்லாம் பொறுத்துக்கிட்டேன். மார்கழியில காய்ச்சல் வந்து எந்திரிச்சதுல இருந்து முடியல. கருவாட்டு வாடை பட்டாலே கொமட்டுது."
அவளுக்கும் மூக்குத்தான் கோளாறு! என்மேல கோவம்னுல்லா நெனச்சேன். வெக்கமாப் போச்சு. அழுகையும் வந்துச்சு, மூக்கைத்தான் சிந்தினேன்.

ஏப்ரல் 3
கிட்டங்கியை அடைத்ததும் கடலில் ஒரு முழுக்கு. பிறகு வீட்டுக் கிணற்றடியில் எலுமிச்சைத் தோல், வாசனை சோப்பு. விக்டர் என்னை மோந்துபார்த்துவிட்டுக் கேட்கிறான்: "யாருவே அவ?"

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு
பூசை முடிந்து வந்து கறிச்சோறு. மத்தியானம் பிளாரன்ஸ் பாயைக் கொண்டுவந்து என் பக்கத்தில் விரித்தாள். தலை நிறைய என்னவோ வாசனைத் தைலம், அதற்குமேல் பிச்சிப்பூ. எனக்காகத்தான். அதுதான் வம்பு. அந்த வாசனையில் நெற்றி தெறித்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தேன்.
"என்ன, தடுமம் பிடிச்சு மூக்கடைச்சிருக்கா?"
"ஆமா" என்றேன்.