அப்பாவின் காலில் ஓடாத கரண்ட்

என் ஆசை அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பிடித்ததை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைக்க மாட்டேன். ஒரு தடவை உனக்காக ஒரு பொய் சொன்னேன். அதிலிருந்து என் வாயைவிட என் நோட்டைத்தான் அதிகம் நம்புகிறேன்.

தேராவில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிளினிக்கில், வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை, ஸ்கூல் லீவு. அப்பா உள்ளே இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. அவருடைய வலது பாதம் முழுசாக இருக்குமா, முன்பகுதியை எடுத்துவிட வேண்டுமா என்று டாக்டர் இன்றைக்குச் சொல்வார். மணி பன்னிரண்டு இருபது. மதிய இடைவேளைக்காக ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். அதற்குள் தெரிந்துவிடும்.

நீ இல்லாமல் போன இந்த இரண்டு வருஷத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது அம்மா. நீ இருந்தபோது மாத்திரையை அவர் கையில் வைத்து, விழுங்கும்வரை நிற்பாய். நான் "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்பேன். "போட்டுட்டேன் தாயி" என்பார். நம்பிவிடுவேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அல் கூஸ் ஒர்க்‌ஷாப்பில் எலக்ட்ரீஷியன் டியூட்டி முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றினார். அது பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சேஃப்டி ஷூவுக்குள் ஒரு சின்ன ஸ்க்ரூ கிடந்தது. பெருவிரலுக்குக் கீழே குழியாகப் புண்.

"வலிக்கலையாப்பா?"

"வலிக்காம இருக்குமா? இப்பத்தான், வண்டியில ஏறுறப்பதான் குத்துச்சு."

சாக்ஸில் ரத்தம் காய்ந்து பழுப்பாகிப்போயிருந்தது. அதை நோட்டில்கூட எழுதி வைத்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யோசிக்கவில்லை.

புண் ஆறவே இல்லை. சுத்தம் செய்தார்கள், மருந்து மாற்றினார்கள். எலும்பில் கோளாறு இல்லை, ரத்த ஓட்டமும் பரவாயில்லை என்றார்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு நைலான் இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அப்பா ஒவ்வொரு தடவையும் சரியாக "யெஸ்" சொன்னார். அவருடைய இமை முழுசாக மூடவில்லை என்பதைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். கூச்சமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் கரண்ட் வைத்தியம். தோல் கிழிந்தால் அந்த ஓரத்தில் உடம்பே மிக மெல்லிய மின்சாரத்தை உண்டாக்குமாம். புண்ணை மூட வேண்டிய செல்கள் அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேருமாம். நாள்பட்ட புண்ணில் அது அடங்கிப்போய்விடும், வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் செல்கள் மறுபடி நகரும் என்று தெரபிஸ்ட் மிஸ் ரோஸ் எனக்கு விளக்கினார். பிலிப்பைன்ஸ்காரர். நான் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளவே மாட்டார்.

வீட்டில் வந்து சொன்னபோது, அடுத்த ரூமில் இருக்கும் நூர்ஜஹான் மாமி சிரித்தார். உனக்குத்தான் தெரியுமே அவர் வாய்.

"என்னண்ணே, கம்பெனி கரண்ட்டயெல்லாம் தொட்டுப் பாத்துட்டு இப்ப கிளினிக் கரண்ட்டுக்குப் போறீகளா?"

"இது சின்னக் கரண்ட்டும்மா. உங்க மிக்ஸி இதவிடக் கடிக்கும்" என்றார் அப்பா. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம். புண்ணுக்குள் ஈரத் துணி வைத்து அதன் மேல் ஒரு பட்டை, கெண்டைக்காலில் இன்னொரு பட்டை, இரண்டிலிருந்தும் ஒரு பழைய பெட்டிக்குப் போகும் ஒயர்கள். மிஸ் ரோஸ் குமிழை மெதுவாகத் திருப்புவார். எறும்பு ஊறுகிற மாதிரி இருந்தால் சொல்ல வேண்டும். அங்கேயே நிறுத்திவிடுவார்.

"சார், ஃபீலிங்? ஓகே?"

"யெஸ், யெஸ். மாஃபி முஷ்கில்."

அரபியில் ஒன்றும் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். ஃபோர்மேனுக்கும் அதுதான், இன்ஜினியருக்கும் அதுதான், டாக்டருக்கும் அதுதான்.

வாராவாரம் புண்ணின் ஓரத்தைக் கண்ணாடித்தாளில் வரைந்து எடுப்பார்கள். மூன்று வாரத்துத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே கோடு. டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். இன்னும் மூன்று வாரம் பார்ப்போம், இப்படியே இருந்தால் கிருமி மேலே ஏறுவதற்குள் பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட வேண்டும் என்றார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். "எடுத்துவிட" என்ற சொல் வாயிலிருந்து வர நேரமாயிற்று.

அடுத்த முறை போனபோது அப்பா காலை நகர்த்தினார். மிஸ் ரோஸ் காலின் மேல் போர்த்திய துண்டைச் சரிசெய்துவிட்டுக் குமிழைத் திருப்பினார். அப்பா அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழ் வழக்கமான இடத்துக்கு வந்தது. "யெஸ், யெஸ்" என்றார்.

நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து துண்டுக்கு அடியில் தெரிந்தது. பட்டையிலிருந்து ஒயர் கழன்று தனியாகக் கிடந்தது.

அம்மா, அந்த ஒரு மணி நேரமும் நான் பேசாமல் இருந்தேன். அதையும் எழுத வேண்டும் அல்லவா?

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஒயர் கழண்டு கெடந்துச்சுப்பா. ஊறுற மாதிரி இருக்குன்னு எப்படிச் சொன்னீங்க?"

அப்பா நடந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு கடை வாசலில் நின்றார். "கணுக்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியல தாயி. ஒரு வருஷமா."

"ஏம்ப்பா சொல்லல?"

"எங்கன போய்ச் சொல்ல? கால் தெரியாதவன ஏணியில ஏத்துவானா? மெடிக்கல்ல அன்ஃபிட்னு ஒரு வார்த்தை எழுதுனா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது. விசாவ கேன்சல் அடிச்சுப்புட்டு ரெண்டு பேரையும் ஊருக்கு ஏத்தி விட்ருவான். ஒனக்குப் பத்தாவது பரீட்ச இருக்கு. அந்தத் தெரபிப் பொண்ணுகிட்ட வாயத் தொறக்காத."

"வேல கத்துக்குற பசங்களுக்கு நீங்க என்னப்பா சொல்லிக் குடுப்பீங்க? மெயின ஆஃப் பண்ணுனத கண்ணால பாத்திருந்தாலும் டெஸ்டர் வச்சுப் பாக்காம தொடக் கூடாதுன்னுதானே? இப்ப நீங்களே குமிழப் பாத்துச் சொல்றீங்களே."

"அது வேல. இது வேற" என்றார். எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

அந்த இரவு முழுக்க நீதான் ஞாபகத்துக்கு வந்தாய். பெரிய ஆஸ்பத்திரியில் உன் டாக்டர் கேட்டாரே, வலி பத்துக்கு எத்தனை என்று. "மூணுன்னு சொல்லு. உன் பரீட்ச முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். அந்தப் பிடி மூன்று இல்லை அம்மா. எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், "த்ரீ" என்றேன். நான் ஒன்பது என்று சொல்லியிருந்தால்? அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்களா? நீ இன்றைக்கு எங்களோடு இருந்திருப்பாயா?

அதனால் அடுத்த முறை சொல்லிவிட்டேன். அப்பா கண்ணால் வேண்டாம் என்றார். அவர் பக்கம் பார்க்காமல், மிஸ் ரோஸைப் பார்த்து, ஒயரையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மிஸ் ரோஸ் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அப்பா பயந்து முதலிலேயே "யெஸ்" சொன்னதால் இத்தனை நாளும் கரண்ட் போதவில்லை என்றார். உணர்ச்சி இல்லாதவர்களுக்கு வேறு முறை இருக்கிறதாம். தசை துடிக்கும்வரை ஏற்றி, துடிப்பு நிற்கும்வரை இறக்கி, அங்கே வைக்க வேண்டும். தோல் வெந்துவிடாமல் அடிக்கடி பார்க்கவும் வேண்டும். துடிப்பைக் கவனிக்கும் வேலையை எனக்கும் கொடுத்தார்.

குமிழ் பழைய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போனது. அப்பாவின் பெருவிரல் சட்டென்று துள்ளியது. "நௌ!" என்று கத்தினேன். அப்பா தன் விரலையே பார்த்தார், யாருடைய விரலையோ பார்ப்பதுபோல. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. நான் வைத்த சாப்பாட்டை மட்டும் சாப்பிட்டார். நான் செய்தது சரிதானா? நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்?

கதவு திறக்கிறது. என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அம்மா, மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வேகமாக எழுதுகிறேன்.

டாக்டர் பழைய தாளின் மேல் இன்றைய தாளை வைத்துக் காட்டினார். புதுக் கோடு பழைய கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. சுற்றிலும் இடைவெளி இருக்கிறது. இப்போதைக்கு வெட்ட வேண்டாம், இன்னும் ஒரு மாதம் கரண்ட் வைப்போம் என்றார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மறுபடியும் கேட்டார். ரிப்போர்ட்டில் எழுதுவதற்காக.

அப்பா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் முந்திக்கொள்ளவில்லை.

"சொல்லு தாயி" என்றார். "ஒரு வருஷமா கணுக்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியலன்னு சொல்லு. கூட்டாம கொறைக்காம சொல்லு."

சொன்னேன். ஏணியும் உயரமும் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் ஸ்டோரில் உட்கார வைப்பார்களா, அனுப்பிவிடுவார்களா, தெரியாது. சனிக்கிழமை அப்பா அந்தக் காகிதத்தோடு போகிறார். பயமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்ததும் அப்பா ஷூவைப் போடாமல் தலைகீழாகத் தட்டினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நான் பாத்துட்டேன். இருந்தாலும் நீ ஒரு தடவ டெஸ்டர் வையி."

நுனிவரை கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் காலை நுழைத்தார்.

இனி யாருடைய வலியையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன் அம்மா. இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அப்பாவின் பாதத்தை அவருக்குப் பதிலாக நான் தினமும் பார்ப்பேன். மாத்திரையை அவர் விழுங்கும்வரை நிற்பேன், நீ நின்ற மாதிரி.

ரிசப்ஷனில் "யல்லா", கிளம்புங்கள் என்கிறார்கள். மணி ஒன்று. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

மூன்று என்று சொன்ன உன் மகள்,
கயல்விழி