சிறப்புப் பட்டியலின் கடைசிப் பக்கம்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முப்பத்தொரு விண்ணப்பங்கள். கண் எரிகிறது. மீன்பிடிப் படகில் அப்பாவுக்கு உதவி செய்யும் ஒரு பெண், விண்ணப்பக் கட்டுரையில் கையுறையின் நாற்றத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். படித்துவிட்டு ஜன்னலோரம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் எனக்கு இது இருபத்து மூன்றாவது வருடம். இன்னும் ஒரு கட்டுரை என்னை எழுந்து நிற்க வைக்கிறது. பெரிய கொடுப்பினைதான்.

வாசலில் இன்றும் இரண்டு கூட்டம். பல்கலைக்கழகத்தைக் காப்பாற்று என்று ஒன்று. இவர்களுக்கு வரிப்பணம் எதற்கு என்று இன்னொன்று. எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அடெலினோ நடுவில் பனியைத் தள்ளிக்கொண்டே போனார். "ரெண்டு கூட்டமும் ஒரே பனியிலதான் நிக்குது, வின்னி. ஒருத்தர் கையிலயாவது மண்வெட்டி இருக்கா பாருங்க!"

பிப்ரவரி 11

வாஷிங்டன் அரசு எங்கள் ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. எங்கள் துறைத் தலைவர் பிரையர் இன்று கதவைச் சாத்திவிட்டு, சேர்க்கையில் சலுகை காட்ட வேண்டியவர்களின் சிறப்புப் பட்டியலைக் கொடுத்தார். வருடாவருடம் வருவதுதான் — முதலில் நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள், அப்புறம் பழைய மாணவர்களின் பிள்ளைகள், கடைசிப் பக்கத்தில் ஊழியர்களின் பிள்ளைகள். இந்த வருடம் நன்கொடையாளர் பக்கம் ஒன்று மூன்றாகியிருக்கிறது.

"ஆய்வுக்கூடத்தை மூடாம இருக்கணும்னா யாராவது பணம் தரணும். தர்றவங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

பிப்ரவரி 12

முதல் மூன்று பக்கங்களைப் பார்த்துக் கோபப்படுவது எளிது. நான் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதில் பிரிஜிட் பெயர் இருந்தது. என் மகள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

தம்பி லைல் போன் செய்தான். பல்கலைக்கழகத்தை அவன் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வான்.

"உங்க பள்ளிக்கூடத்துக்கு நல்லா வேணும்க்கா. பணத்தை மலையாக் குவிச்சு வெச்சுக்கிட்டு எங்க வரிக்கும் கை நீட்டுறாங்க."

"புற்றுநோய் ஆராய்ச்சிடா அது."

"இருக்கட்டுமே. என்னை மாதிரி கூரை வேய்றவன் மகனுக்கு அங்க ஒரு நாற்காலி இருந்துச்சா?" வைத்துவிட்டான்.

அவன் மகன் காரெட்டும் பிரிஜிட்டும் ஒரே வருடம் விண்ணப்பித்தார்கள். அவளுக்குக் கிடைத்தது. அவனுக்கு இல்லை. அதோடு குடும்பமே கூடும் நன்றித் திருநாளுக்குக்கூட ஒன்றாகச் சாப்பிடுவது நின்றுவிட்டது. போன் மட்டும் உண்டு, அதுவும் சண்டைக்கு.

அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இங்கேயாவது எழுதிவிடுகிறேனே. சொந்தக்காரர்கள் என்பதால் அந்த இரண்டு கோப்புகளையும் என்னிடம் தரவில்லை. ஆனால் முடிவு வந்த பிறகு நானாகத் தேடி எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. காரெட்டின் மதிப்பீடு பிரிஜிட்டுடையதைவிட மேலே இருந்தது. அவள் கோப்பில் 'ஊழியர் பிள்ளை' என்ற குறி. அவன் கோப்பில் எந்தக் குறியும் இல்லை. இருந்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கேக் வெட்டினோம்.

மார்ச் 3

பட்டியல் விவகாரம் வெளியே கசிந்துவிட்டது. வாசலில் நிற்கும் இரண்டு கூட்டமும் பட்டியலை ஒழி என்று மட்டும் ஒரே குரலில் கத்துகின்றன! வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யக் குழு போட்டிருக்கிறார்கள். இருபதாம் தேதி ஊழியர்கள் சார்பில் நான் பேச வேண்டுமாம்.

அடெலினோ வந்தார். "என் மக இலியானா அடுத்த வருஷம் விண்ணப்பம் போடப்போறா. கடைசிப் பக்கத்துல மட்டும் கை வெக்க விட்டுடாதீங்க, வின்னி."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 9, ஞாயிறு

பிரிஜிட்டிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"காரெட் விஷயம் தெரியாதும்மா. என் விஷயம் தெரியும். முதல் வருஷமே புரிஞ்சுது. என் கூடப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் யாரோ ஒருத்தரோட பிள்ளை. நானும் அப்படித்தானே?"

"குழுவுல சொல்லப்போறேன்."

"சொல்லு. என் பேரையும் சொல்லு. ஆனா மாமாகிட்ட முதல்ல நேர்ல போய்ச் சொல்லிடு. பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

இந்தக் குணத்தை நான்தான் வளர்த்தேன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. அவளுக்கு எங்கிருந்தோ வந்து வாய்த்தது.

மார்ச் 15, சனி

நியூ ஹாம்ப்ஷயர். லைல் வீட்டுச் சமையலறை. காரெட்டும் இருந்தான் — இப்போது மாநில அரசில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். உட்காராமலே சொன்னேன், தரையைப் பார்த்தபடி.

லைல் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பன்னெண்டு வருஷம்க்கா."

"ஆமாடா."

"ஊரெல்லாம் உங்க பள்ளிக்கூடத்தைத் திட்டுனேன். உள்ளுக்குள்ள இவனைத்தான் குறை சொல்லிக்கிட்டிருந்தேன். எம்புள்ளைக்குத் திறமை போதலை, அதான் கிடைக்கலைன்னு." குரல் உடைந்துவிட்டது. "நீ கிளம்பு. இப்ப என் முன்னால நிக்காத."

கார்வரை காரெட் வந்தான். "எனக்கு அந்த இடம் கிடைக்காதது எப்பவோ ஆறிப்போச்சு அத்தை. அப்பா பார்க்கிற பார்வைதான் ஆறலை. இன்னைக்கு என்னை எப்படிப் பார்த்தாரு, கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. அவன் சொல்லித்தான் தெரிந்தது. வழியில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன் — துக்கம் மட்டும் இல்லை அது.

மார்ச் 20

பேசினேன். காரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவன் விஷயம். "முதல் பக்கத்தைக் கிழிச்சா கடைசிப் பக்கத்தையும் கிழிக்கணும். என் மகள் அந்தக் கடைசிப் பக்கத்துல இருந்தா. இங்க படிக்கிற ஊழியர் பிள்ளைங்களுக்கான கட்டணச் சலுகை எங்க சம்பளத்துல ஒரு பகுதி, அது இருக்கட்டும். குறி வேண்டாம்" என்றேன். யாரும் கைதட்டவில்லை.

வெளியே அடெலினோ நின்றிருந்தார். "உங்க பொண்ணு ஏறி முடிச்சதும் ஏணியை எடுத்துட்டீங்க."

"கட்டணச் சலுகை..."

"உள்ள போனாத்தானேம்மா கட்டணம்?"

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மார்ச் 21

மதியச் சாப்பாட்டின்போது என் மேஜைக்கு யாரும் வரவில்லை. பிரையர் மட்டும் தன் சாண்ட்விச்சோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அதுவே போதுமாக இருந்தது.

மே 8

முடிவு வந்துவிட்டது. அடுத்த வருடம் முதல் பட்டியலே கிடையாது, எந்தப் பக்கமும். கட்டணச் சலுகை தொடரும். ஒரு பெரிய நன்கொடையாளர் விலகிக்கொண்டார். ஆட்குறைப்பில் எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர். நானும் ஒருத்தி. பழிவாங்கல் இல்லை என்று பிரையர் மூன்று முறை சொன்னார், நம்புகிறேன். கண் கலங்கியது அவருக்குத்தான். எனக்கு அறுபத்தொன்று, ஓய்வூதியம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வேலை போன இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு அதுவும் இல்லை.

மே 9

பெட்டிகளைத் தூக்க அடெலினோ வந்தார். நான் கூப்பிடவில்லை.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றார் படியிறங்கும்போது.

"இருங்க. நியாயம்தான்."

கடைசிப் பெட்டியை வண்டியில் வைத்துவிட்டு நின்றார். "நாளையிலிருந்து நீங்க இங்க வேலை பார்க்கலை. இலியானாவோட கட்டுரையைப் படிச்சுச் சொன்னா இப்ப தப்பில்லைல்ல?"

"சனிக்கிழமை அனுப்புங்க. ஆனா நான் பொல்லாத வாசகி."

"அவ அதைவிடப் பொல்லாதவ" என்று அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். அவருக்கு என்னை மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் கேட்டாரே!

ஜூன் 22, ஞாயிறு

வியாழக்கிழமை லைல் போன் செய்தான். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. பிரிஜிட்டையும் கூட்டிட்டு வா." அவ்வளவுதான் பேசினான்.

போனோம். மாட்டிறைச்சி வறுவல், சோளம், ருபார்ப் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்ட இனிப்புப் பை. காரெட்டும் பிரிஜிட்டும் ஏதோ ஒரு பாலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். லைல் அரை மணி நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பள்ளிக்கூடம் தானாத் திருந்தாதுக்கா. வெளியிலேர்ந்து ஒருத்தன் காதைத் திருகுனாத்தான் திருந்தும்."

"காதைத் திருகினா சரிடா. வாஷிங்டன்காரங்க கழுத்தைத் திருகுறாங்க. ஆய்வுக்கூடத்துல எத்தனை பேரு தெருவுல நிக்கிறாங்க தெரியுமா?"

அவன் மேஜையில் தட்டினான். நானும் தட்டினேன். கரண்டி ஒன்று கீழே விழுந்தது. காபி ஆறிப்போனது. அவன் கட்சி அவனுக்கு, என் கட்சி எனக்கு. ஒரு அங்குலம்கூட இரண்டு பேரும் நகரவில்லை. நாற்காலியைவிட்டும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பிரிஜிட் தட்டுகளை எடுக்க வந்தாள். லைல் கையை நீட்டித் தடுத்தான்.

"உங்கம்மாவுக்கு இன்னொரு துண்டு பை வைம்மா. அவ இன்னும் பேசி முடிக்கலை."