நாள் தெரியாதவர்களின் வெள்ளிக்கிழமை

பக்கத்து மில்லில் இன்று நெல் அவிக்கிறார்கள். கடை ஷட்டரைத் தூக்கியதும் அந்த வாசனை எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஜன்னலைச் சாத்தப் போன கை பாதியில் நின்றது. சாத்து, சாத்து என்று தொணதொணக்க நீ இல்லையே. பிறந்து வளர்ந்தது பூராவும் இந்த நெல் ஊரில். கன்னியாஸ்திரியாகப் போய் ரோம் வரை படித்துவிட்டு வந்தவளுக்கு அவித்த நெல் வாசனை மட்டும் ஆகாது. "மூக்கப் பொத்திக்கிட்டு லத்தீன் படிக்க முடியாதுடி லூர்து, மொதல்ல எந்திரி" என்பாய். நான் வேண்டுமென்றே மெதுவாக எழுந்திருப்பேன்.

ஊருக்கு நீ சிஸ்டர். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் நெல்லிக்காயைத் திருடித் தின்றவள். கடையில் ஆள் இருந்தால் "வாங்க சிஸ்டர்" என்பேன், ஆள் நகர்ந்ததும் "உக்காருடி" என்பேன். நீ அதற்கென்றே ஆள் போகும்வரை நின்றுகொண்டிருப்பாய்.

உடம்புக்கு முடியாமல் போனதும், ஓய்வெடு என்று சொல்லி உன் சபையில் உன்னைச் சொந்த ஊரான குத்தாலத்துக்கே அனுப்பிவைத்தார்கள். நீயா ஓய்வெடுப்பவள்? காலைப் பூசை முடிந்ததும் ஒரு கட்டுக் காகிதத்தோடு என் டைப்பிங் கடைக்கு வந்துவிடுவாய். கோழி கிளறின மாதிரி கையெழுத்து. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நீ திருத்துவாய், நான் கம்ப்யூட்டரில் அடிப்பேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் உன் முகம் சுருங்கிவிடும்.

கிறிஸ்தவ வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகளின் நாட்காட்டி எங்கிருந்து வந்தது, எப்படிக் கைமாறி வந்தது என்பதுதான் உன் புத்தகம். முதல் அத்தியாயத்தில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. போகப் போகப் பிடித்துக்கொண்டது. ஆரம்பத்தில் அது பெரிய புத்தகமெல்லாம் இல்லை. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன் ஊரில் இறந்தவர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள எழுதிய சின்னக் குறிப்பு. என்ன நாள், யார், எங்கே புதைத்திருக்கிறது. அந்த நாள் வந்தால் கல்லறைக்குப் போய்க் கூடி நிற்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். இறந்த நாளைப் பிறந்த நாள் என்றே சொன்னார்களாம். கார்த்தேஜ் நகரத்து ஆயர் ஒருவர் தான் ஒளிந்திருந்த இடத்திலிருந்து தன் குருக்களுக்குச் சொல்லி அனுப்புகிறார்: சிறையில் இறக்கிறவர்கள் எந்தெந்த நாளில் இறக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தை அடிக்கும்போது நான் நிறுத்திவிட்டேன்.

"நாளுக்குப் போயி ஏன்டி இப்பிடி அலையறாங்க?" என்று கேட்டேன்.

"நாள் இல்லன்னா எப்பிடிக் கூடி நிக்கிறது? என்னைக்குன்னு அழுவாங்க?" என்றாய்.

நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான்தான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன். நீ கவனித்தாய்.

உனக்குத் தெரியாதது என்ன இருந்தது? என் கணவர் ஓமனுக்கு வேலைக்குப் போனபோது என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவரோடு அறையில் தங்கியிருந்தவர் போன் செய்தார். "அண்ணி, அண்ணன் ரூமுக்கு வரல. எங்க போனாருன்னு தெரியல." அவ்வளவுதான் சேதி. எம்பசி, கலெக்டர் ஆபீஸ், மயிலாடுதுறைக்கும் சென்னைக்குமாக அலைச்சல், எதிலும் ஒன்றும் பெயரவில்லை. ஆளும் இல்லை, உடம்பும் இல்லை. மகள் படித்து முடித்து கோயம்புத்தூரில் நர்ஸாகவும் ஆகிவிட்டாள். "நீயும் அப்பாயியும் இங்க வந்துடுங்கம்மா" என்று வாராவாரம் சொல்கிறாள். எப்படிப் போவது? அத்தை வீட்டைப் பூட்ட விடமாட்டார்.

"எம்புள்ள வந்து பூட்டுன கதவப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான்னா?" இதுதான் என் மாமியாருடைய ஒரே கேள்வி. அதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? அதனால் எங்கள் இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அத்தை முதல் பூசைக்குப் போவார், அவர் திரும்பியதும் நான் இரண்டாம் பூசைக்கு ஓடுவேன். கல்யாணமா, சாவா, ஒருவர்தான் போவோம். நான் கடைக்கு வந்தால் அத்தை வீட்டுக்காவல், நான் வீட்டுக்குப் போனால்தான் அவர் கடைத்தெருப் பக்கம் தலைகாட்டலாம். சேர்ந்து ஒரு பஸ் ஏறி எத்தனை வருஷமாகிறது! பூ வைத்துக்கொண்டால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. கல்லறைத் திருநாளன்று தெருவே மெழுகுவர்த்தியும் மாலையுமாகக் கிளம்பும். எனக்குப் போய் நிற்க ஒரு குழி கிடையாது. உன்னிடம் ஒருமுறை ஆத்திரத்தில் கத்தினேன், ஞாபகமிருக்கிறதா? "செத்துட்டாருன்னு எவனாவது வந்து சொல்லிட்டாக்கூட நான் அழுது முடிச்சுடுவேன்டி!" நீ "மெதுவா பேசு" என்று சொல்லவில்லை. அதற்காகவே உன்னை எனக்குப் பிடிக்கும்.

புத்தகத்தின் நடுவில் வந்த அத்தியாயம்தான் எங்களை அதிகம் சிரிக்க வைத்தது. ஊர்கள் தங்கள் குறிப்புகளை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கிக்கொண்டன. பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நாட்காட்டியாகப் பிரதி எடுத்தார்கள். அங்கேதான் கூத்து. பல ஊர்களில் கொண்டாடிய ஒரே ஆள் பல ஆட்களாகிவிட்டார். பெயருக்குப் பக்கத்தில் இருந்த ஊர்ப் பெயரை இன்னொரு ஆள் என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்கள்.

"அப்ப குத்தாலத்துச் சவரிமுத்துன்னு எழுதி வச்சா, பின்னாடி வர்றவன் புனித குத்தாலத்தாருக்கும் ஒரு தேர் இழுப்பான்" என்றேன்.

"இழுப்பான். நேர்ச்சையும் வைப்பான்" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்தால் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நம் கோயிலிலேயே அது நடந்தது. அத்தை மாதாமாதம் மகனுடைய சுகத்துக்காகப் பூசைக்குப் பெயர் கொடுப்பார். வழக்கமாக வாசிக்கும் உபதேசியாருக்குக் காய்ச்சல். அவர் மச்சான் துண்டுச் சீட்டுகளை எல்லாம் ஒரே தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார். மேலே இறந்தவர்கள், கீழே சுகம் வேண்டிக் கொடுத்தவர்கள். நடுவில் போட வேண்டிய தலைப்பைப் போட மறந்துவிட்டார். இரண்டாம் பூசையில், நீயும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, என் கணவர் பெயரை வாசித்து, "இவர்களுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று முடித்தார். கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத்தான் தெரியும். உன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவமானத்தில் அழுகிறேன் என்று ஊர் நினைத்தது. இல்லை. ஒரு வழியாக யாரோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் அழுதேன். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிறவரை, வாய்க்கால் ஓரமாக, என் கணவரோடு வாழ்ந்ததை எல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டே நடந்தேன். அவர் கோபம், அவர் விசில், மீன் குழம்பென்றால் இரண்டு தட்டுச் சோறு. அதுவரை அப்படி நினைத்ததே இல்லை, நினைத்தால் அவரைச் செத்தவராக்கிவிடுவேனோ என்று பயம்.

மத்தியானத்துக்குள் சேதி அத்தைக்கு எட்டிவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்விட்டார். "உசுரோட இருக்கறவன செத்தவங்களோட சேத்துட்டீங்களே சாமி, திருப்பி எடுங்க!" சாமியார் பாவம், மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஞாயிறு என் கணவர் பெயரைத் தனியாக, சத்தமாக, சுகத்துக்காக என்று அழுத்தி வாசித்தார்கள். அத்தைக்கு நிம்மதி. எனக்கு, கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த ஒரு வாரம் நான் விதவையாக இருந்தேன். மறுபடியும் ஒன்றுமில்லாதவளானேன். இதில் எனக்கு வெட்கமில்லை, உன்னிடம் எதற்கு வெட்கம்.

"நாட்காட்டியில ஏறின பேரை எறக்கறது லேசுப்பட்ட காரியமில்லன்னு எழுதியிருக்கேன். ஒங்க அத்தை ஒரே வாரத்துல எறக்கிட்டாங்களே" என்றாய் மறுநாள். நான் சிரிக்கவில்லை. நீயும் கேலியை விட்டுவிட்டு, காகிதக் கட்டிலிருந்து கடைசி அத்தியாயத்தின் பக்கம் ஒன்றை உருவினாய்.

உனக்கு உயிரான ஒரு சிரியாக் மொழிச் சுவடியைப் பற்றிய பக்கம் அது. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது, இப்போது லண்டனில் இருக்கிறது. போய்ப் பார்க்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டு, உடம்பு விடாமல் இங்கேயே கிடந்தாய். நீயும் என்னை மாதிரி மாட்டிக்கொண்டவள்தான், சொல்லிக்கொள்ளமாட்டாய். அந்தச் சுவடியில் முதலில் நாள் வாரியாகப் பெயர்கள். கடைசியில் பாரசீகத்தில் இறந்தவர்களின் பெயர்கள், ஆயர்கள், குருக்கள் என்று பதவி வாரியாக. பெயர் மட்டும்தான். நாள் இல்லை.

"யாரும் குறிச்சு வைக்கலயா?"

"யாருக்குத் தெரியும். பேரு வந்து சேந்துச்சு, நாள் வந்து சேரல. அதுக்காக விட்டுடல பாரு." பிறகு விரலை இன்னொரு வரிக்கு நகர்த்தினாய். "இதப் பாரு. ஈஸ்டர் முடிஞ்சு வர்ற வெள்ளிக்கிழமை. எல்லா சாட்சிகளுக்கும் சேத்து ஒரே நாள்."

"எங்க வீட்டுக்காரரு வேதத்துக்காகவாடி போனாரு? ஏசி மெக்கானிக் வேலைக்குப் போனாரு."

"தெரியும்டி. சாட்சின்னு நான் சொல்லல. ஆனா நாள் தெரியாதவங்களுக்காக நிக்கறதுக்கு ஒரு நாள் இருந்தா நல்லாத்தானே இருக்கும்? பேரு சொல்ல வேணாம். செத்தாரு, இருக்காருன்னு எதையும் சொல்ல வேணாம். போய் நில்லு."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அடுத்த வரியை அடிக்க ஆரம்பித்தேன். உன்னுடைய பேச்சு நன்றாகத்தான் இருக்கும், மடத்துக்குத் திரும்பிப் போகிறவளுக்கு என்ன, வீட்டில் அத்தையோடு இருப்பவள் நானல்லவா என்று உள்ளுக்குள் கோபம்கூட வந்தது.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், உன் சபைச் சகோதரிகள் சுற்றி நிற்க. கல்லறையில் மண் போடும்போது மழை விடவே இல்லை, என் செருப்பெல்லாம் சேறு. அழுது முடித்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு என்ன தெரியுமா? உனக்கு நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, கொடுத்துவைத்தவள் என்பதுதான். செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஈஸ்டர் முடிந்து, போன வாரம் உன் வெள்ளிக்கிழமை வந்தது. நான் சாமியாரிடம் போய் ஒரு பூசை கேட்டேன். "யாருக்காகம்மா?" என்றார். "நாள் தெரியாம போனவங்க எல்லாருக்காகவும், சாமி. பேரு வேணாம்." அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அத்தையிடம் மறைக்கவில்லை. உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன், பெயர் வாசிக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்து. முறத்தின் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

சாயங்காலப் பூசையில் பத்துப் பேர்கூட இல்லை. நற்செய்தி வாசிக்கும்போது என் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்க வந்து நின்றார்கள். அத்தை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வீட்ல யாரு?" என்று கிசுகிசுத்தேன்.

"யாருமில்ல. பூட்டிட்டுத்தான் வந்தேன். அங்க பாரு, பூசையப் பாரு."

"நாள் தெரியாமல் போனவர்கள் எல்லாருக்காகவும்" என்று உபதேசியார் வாசித்தார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று நாங்கள் சொன்னோம். அத்தையின் குரல் எல்லோருக்கும் பின்னால், தனியாக, மெதுவாக வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே உடைந்திருப்போம்.

திரும்பி வரும்போது வண்டி ஏறிக் காய் உடையட்டும் என்று ரோட்டில் பரப்பியிருந்த உளுந்துச் செடி மேல் நடந்து வந்தோம். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம். தெருமுனையில் அத்தை நின்றார். இனிமேல் கோயம்புத்தூருக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மகளுக்கு என்னவென்று போன் செய்வது என்றுகூட மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"லூர்து. அவன் வந்தா இந்த வெள்ளிக்கிழமையப் பத்தி அவங்கிட்ட சொல்லிடாத."

"சொல்லமாட்டேன் அத்த."

"சத்தியமா?"

கையை நீட்டினார். அடித்துச் சத்தியம் செய்தேன். அத்தை எனக்கு முன்னால் வேகமாக வீட்டைப் பார்த்து நடந்தார். வரவே மாட்டார் என்று நான் நினைக்கும் மனுஷரிடம் சொல்லக்கூடாத ஒன்றை அன்றிலிருந்து காப்பாற்றி வருகிறேன்.