நாலு குழாயும் ஒரு விரிசலும்

மே 12, ஞாயிறு

இன்றும் எரிமலைப் பாதைக் கார் ஓட்டத்தில் நான்தான் கடைசி. நான் மேலே போய்ச் சேர்ந்தபோது கெய்லோர் பாலாடைக்கட்டி வைத்த தோர்த்தியா ரொட்டியைத் தின்று முடித்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். "என்ன ரீகோ, வர்ற வழியில மாடு மேய்ச்சியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பற்றிக்கொண்டு எரிகிறது. நாற்பத்தெட்டு வயது, இரும்புக்கடைக் கவுண்டரில் இருபது வருஷம். ஞாயிறு காலை ஒரு மலை ஏறுவதைத் தவிர வேறு என்ன கண்டேன்?

வண்டிக்கு மூச்சு விட முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். என்ஜின் புகையை வெளியே தள்ளும் மேனிபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் குழாய் மாட்ட வேண்டும்.

மே 18, சனி

ஒரு வாரமாக இதே யோசனை. பெட்டியில் வரும் ஜப்பான்காரன் ஹெடர் என் ஒரு மாதச் சம்பளம். நினைப்பதே பாவம். இணையத்தில் ஒன்று கண்ணாடி மாதிரி மின்னுகிறது, விலையும் சல்லிசு. ஆனால் என்ஜினோடு பொருந்தும் முகத்தட்டு ஆறு மில்லிதான். சூடு ஏறினால் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். கெய்லோர் தன் பழையதைத் தருகிறானாம். அவனிடம் வாங்கினால் சாகும்வரை சொல்லிக்காட்டுவான்.

கடைசியில் வெல்டர் செல்சோவிடம் போனேன். அவரே குழாய் வளைத்துச் செய்வது. பார்வைக்கு லட்சணமில்லை, நாலு குழாயும் நாலு திசையில் கோபித்துக்கொண்டு போய் ஒரு இடத்தில் சேர்கின்றன. ஆனால் கனம் இருக்கிறது. முகத்தட்டு பத்து மில்லி. நானே அளந்தேன். அதையே செய்யச் சொல்லிவிட்டேன்.

வண்டியோடு வந்த வார்ப்பிரும்பு மேனிபோல்டை, அதோடு சேர்ந்த புகை வடிகட்டியுடன், பழைய இரும்புக்காரன் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறான். ஹெடர் செலவில் பாதி அதிலேயே வந்துவிடும்.

தங்கை மரியேலோஸின் புருஷன் எலாதியோதான் கேட்டான். "அத வித்துட்டா ஜூலைல வண்டிச் சோதனைக்கு என்ன பண்ணுவ மச்சான்? வடிகட்டி இல்லன்னா திருப்பி அனுப்பிடுவானே."

"உன்னோடத ஒரு நாளைக்கு குடு மாப்ள. ரெண்டும் ஒரே வண்டி, ஒரே வருஷம். என் நம்பர் ஏழுல முடியுது, அதான் ஜூலை. உன்னோடது ரெண்டு, உனக்கு பிப்ரவரிதானே."

"குடுத்தா போச்சு. இதுக்குப் போயி கேக்கணுமா?"

இந்தக் கார்த்தாகோ ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சோதனை தாண்டுகிறார்கள். ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

மூன்றாவதாக வந்தேன். மூன்றாவது! கெய்லோர் எனக்கு அடுத்து. புது ஹெடருக்கு என்ன சத்தம், அடேயப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கிற பெரிய மனுஷன் மாதிரி.

ஜூலை 12, வெள்ளி

எழுதக் கை வரவில்லை.

எலாதியோ வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தன் வண்டியிலிருந்து மேனிபோல்டைக் கழற்றித் தந்தான். மரியேலோஸ் வேலைக்கு பஸ்ஸில் போனாள். நான் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, ஹெடரைக் கழற்றிவிட்டு அதை என் வண்டியில் மாட்டினேன். புகை கொஞ்சம் கசிந்தாலும் சோதனையில் தள்ளிவிடுவார்கள் என்று கெய்லோர் பயமுறுத்தியிருந்தான். அதனால் ஸ்பானரில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி இறுக்கினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே ஒரு கொஞ்சம்.

டக்.

ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தினமும் நாற்பது பேருக்குப் பாடம் எடுக்கிறவன் நான். வார்ப்பிரும்பு, இழுத்தால் வெடிக்கும் என்று தெரியாதா எனக்கு? இரண்டாவது குழாயின் கழுத்தில் விரல் நீளத்துக்கு விரிசல்.

நாளைக்குச் சோதனை முடியட்டும். பிறகு அவனிடம் சொல்லிவிடலாம்.

ஜூலை 13, சனி

விரிசலில் சூடு தாங்கும் பசையை அப்பிக்கொண்டு போனேன். பாஸ். ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

அங்கிருந்து நேரே செல்சோவிடம். அவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெல்டு வெக்கிறேன். ஆனா இது நிக்காது ரீகோ. ரெண்டு மாசம். இதுக்குச் சொந்தக்காரன் கிட்ட சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா முழுவதையும் அடித்தேன். வெல்டு வைத்த இடத்தில் மட்டும் அடித்தால் தெரிந்துவிடும் என்று முழுக்கவே அடித்தேன். இந்த அளவுக்கு மூளை வேலை செய்கிறது எனக்கு.

ஜூலை 14, ஞாயிறு

எலாதியோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "என்ன மச்சான், துரு எல்லாம் தேய்ச்சு பெயிண்ட்டும் அடிச்சிருக்க! இரவல் வாங்குனவன் இப்படித் திருப்பித் தர்றத எங்கயும் பாத்ததில்ல" என்று என்னைக் கட்டிக்கொண்டான்.

மரியேலோஸ் ஒரு பெரிய கிண்ணம் பால்சோறு கொடுத்தனுப்பினாள், பட்டை தூவி. அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

தங்கை வீட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் மூன்று மணிக் காப்பிக்குப் போயிருந்தேன். எலாதியோ வாசலில் என்ஜினை ஓட்டிக் காட்டினான். "காலைல எடுக்கும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் மச்சான். சூடானா போயிடுது. நீதான் இதெல்லாம் தெரிஞ்ச ஆளு."

எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. விரிசல் திறந்துவிட்டது.

"வால்வு சத்தம் மாப்ள. வயசான வண்டின்னா அப்படித்தான்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

செப்டம்பர் 22, ஞாயிறு

மரியேலோஸுக்குத் தலைவலி. இரண்டு வாரமாகத் தினமும். காலையில் தையல் வேலைக்கு சான் ஹொசேவுக்குப் போய் இறங்கும்போதே மண்டை பிளக்கிறதாம், குமட்டுகிறதாம். "சனி ஞாயிறு வந்தா நல்லாயிடுது அண்ணா. அந்த மெஷின் வெளக்குதான் கண்ணுக்கு ஆகல."

சனி ஞாயிறு அவள் வண்டியில் ஏறுவதில்லை.

சான் ஹொசே போகும் வழியில் ஓச்சோமோகோ இறக்கத்தில் ஒரு மணி நேர நெரிசல். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே, விரிசல் வழியாக வரும் புகையோடு. டேய் ரீகோ, உனக்குத் தெரியும்டா. உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 6, ஞாயிறு

காப்பியை விடச் சொல்லிவிட்டாராம் டாக்டர். மரியேலோஸ், காப்பியை! துணி வடிகட்டியில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் எலுமிச்சை இலை போட்ட வெந்நீரைக் குடித்தாள். கோப்பையை என்னிடம் நீட்டும்போது ஒரு கணம் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தாள். அதைக் குடித்தேன்.

"வண்டிக் கண்ணாடிய கொஞ்சம் எறக்கி வெச்சிட்டு போங்களேன்" என்று மட்டும் சொன்னேன்.

"கொட்டுற மழையிலயா? எனக்கு சளியும் வரணுமா?" என்று சிரித்தாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

பசிலிக்கா தேவாலயத்தில் மாதாவுக்குக் காணிக்கை போட ஒரு தகட்டுத் தலை வாங்கி வரச் சொன்னாள் மரியேலோஸ். வாங்கினேன். கட்டைவிரல் நகம் அளவு, மூக்கும் கண்ணும் வைத்து. கடைக்காரி, "யாருக்கு உடம்புக்கு முடியல?" என்று கேட்டாள். தங்கைக்கு என்றேன். "மாதா பாத்துப்பா" என்றாள்.

மாதாவுக்கு இதில் என்ன வேலை? ஸ்பானர் இருந்தால் ஒரு மணி நேரம்.

ஏன் சொல்ல முடியவில்லை என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். ஜூலையில் சொல்லியிருந்தால் ஒரு உடைந்த இரும்பைப் பற்றிச் சொல்வதாக இருந்திருக்கும். இப்போது சொன்னால் ஒவ்வொரு ஞாயிறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 'வால்வு சத்த'த்தையும். அதுதான். பயம் இல்லை, மானம் போய்விடும் என்பதுதான். இருக்கிற மானம்!

அக்டோபர் 18, வெள்ளி

காலையில் எலாதியோ நெரிசலில் ஒரு நொடி கண் அயர்ந்து, முன்னால் நின்ற லாரியில் மெல்ல இடித்திருக்கிறான். இரண்டு பேருக்கும் அடி இல்லை. விளக்கு மட்டும் உடைந்தது.

மரியேலோஸ் கடைக்குப் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. மூளையைப் படம் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். முறை வர எட்டு மாதமாகுமாம். "எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா அவர நீதான் பாத்துக்கணும் அண்ணா. அவருக்கு ஒரு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். பின்னறையில் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நாளைக்குப் போகிறேன். நாளைக்கு.

அக்டோபர் 19, சனி

போனேன்.

"அந்த மேனிபோல்ட கழட்டிப் பாக்கணும் மாப்ள" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நான்தானே தெரிந்த ஆள். கழற்றினோம். பெயிண்ட் பொரிந்து உரிந்திருந்தது. வெல்டு ஓரமாக வாய் பிளந்த விரிசல், சுற்றிலும் கரி. எலாதியோ விரலால் தொட்டான். கருப்பாக ஒட்டியது.

"இதுல வெல்டு இருக்கே. யாரு வெச்சது?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். முந்தைய சொந்தக்காரன், அவன் இவன் என்று. வாய்வரை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"நான்தான். ஜூலைல. நான்தான் ஒடச்சேன். மறைக்கத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

அவன் அந்தக் கரி விரலைச் சட்டையில் துடைத்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த சத்தத்த உன்கிட்டதான கேட்டேன் மச்சான்" என்றான். அவ்வளவுதான்.

மரியேலோஸ் கையில் துணியோடு கதவருகில் நின்றிருந்தாள். எதுவரை கேட்டாள் என்று தெரியாது. உள்ளே போய்விட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மேனிபோல்டு ஊரில் எங்கும் இல்லை. திங்கட்கிழமை அவர்களுக்கு வண்டி வேண்டும். வீட்டுக்குப் போய் என் ஹெடரைக் கழற்றி எடுத்து வந்தேன். நானே மாட்டினேன். அளந்து இறுக்கினேன், குழாய் எதுவும் செருகாமல். என்ஜினை ஓடவிட்டு நாலு வாயருகிலும் கையை வைத்துப் பார்த்தேன். ஒரு இழை புகைகூடக் கசியவில்லை. செல்சோ நன்றாகத்தான் செய்திருக்கிறார்.

எலாதியோ பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்தான். முடிந்ததும் நான் இறுக்கிய எல்லாவற்றையும் ஒரு தடவை தானும் இறுக்கிப் பார்த்தான்.

காப்பிக்கு யாரும் கூப்பிடவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

என் வண்டி கொட்டகையில் கட்டைமேல் நிற்கிறது. மலைக்குப் போகவில்லை. வடிகட்டியோடு முழு மேனிபோல்டு துரியால்பாவில் ஒரு பழைய சாமான் கிடங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். பஸ்ஸில் போய்ப் பார்த்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு அங்குலமும் தடவி, விரிசல் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு வாங்கினேன். பிப்ரவரிச் சோதனைக்கு முன்னால் அவர்கள் வண்டிக்கு. துடைக்கவில்லை. பெயிண்ட் அடிக்கவில்லை. துருவோடு அப்படியே எலாதியோ வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

கடைச் சரக்கு எடுக்க சான் ஹொசே பஸ். ஓச்சோமோகோவில் நெரிசல். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது, பெரிய மனுஷன் தொண்டையைச் செருமுகிற மாதிரி. திரும்பாமலேயே தெரிந்தது. என் ஜன்னலுக்கு நேர் கீழே எலாதியோவின் சிவப்பு வண்டி வந்து நின்றது.

மழை இல்லை, ஆனால் ஊசி குத்துகிற காற்று. அந்தக் குளிரிலும் இரண்டு பக்கக் கண்ணாடியும் இறக்கியிருந்தார்கள். மரியேலோஸ் சால்வை போர்த்தியிருந்தாள். மடியில் பிளாஸ்க். அதன் மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். காப்பிதான். நிறம் தெரிந்தது.

நான் சட்டென்று குனிந்துகொண்டேன். ஷூ கயிற்றைக் கட்டுகிறவன் மாதிரி. கட்ட ஒன்றுமில்லை, கயிறு இல்லாத ஷூ. பக்கத்து இருக்கைக்காரர் விநோதமாகப் பார்த்தார். பஸ் நகரும்வரை எழவில்லை.

பத்து நிமிஷம் கழித்து போனில் ஒரு செய்தி. ஒன்றரை மாதத்தில் அவளிடமிருந்து வருகிற முதல் செய்தி.

"குனியாத அண்ணா. பாத்துட்டேன்."

கீழே வேறு ஏதாவது வருகிறதா என்று வேலை முடிந்து வீட்டுக்கு வரும்வரை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காப்பி பற்றி ஒன்றும் இல்லை.