தலைமாட்டுக் கயிறு

இன்வர்காரோ,
அக்டோபர் 9

அன்புள்ள தம்பி ஸ்ட்ரூவனுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலமாக இல்லை. நுரையீரலுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை, மூன்று நான்கு வாரம் தாங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் சொன்னால் நீ வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கோட்டையைச் சுற்றிக் காட்டும் அப்பாவின் வேலையையும் இப்போது நானே பார்க்கிறேன். காலையில் ஆவண அறையில் என் வேலை, மதியம் இரண்டு சுற்று, நடுவில் வீட்டுக்கு ஓடி அவருக்கு சூப். எனக்குக் கால் வீங்கிவிடுகிறது. அதைவிட, பச்சை உடைச் சீமாட்டியின் கதையைச் சொல்வதுதான் பாரமாக இருக்கிறது. அரசனை எதிர்த்து நடந்த கலோடன் போரில் மகன் செத்தான், தாய் ஆவியாகி இன்னும் கோபுர ஜன்னலில் நின்று வழி பார்க்கிறாள் என்று அப்பா முப்பத்தாறு வருஷம் சொன்ன கதை. ஆவண அறையில் இருப்பது வேறு. மகன் சாகவில்லை. ஹாலந்துக்குத் தப்பிப் போய், கல்யாணம் செய்து, இருபது வருஷம் வாழ்ந்திருக்கிறான். அரசு மன்னிப்பு அறிவித்த பிறகும், தாய் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியும், வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை சலித்துப்போய் இதை அப்படியே சொல்லிவிட்டேன். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்கள். டிக்கெட் கொடுக்கும் செங்கா, "என்னம்மா படிச்சவளே, இருநூத்தம்பது வருஷப் பேயை ஒரே மத்தியானத்துல கொன்னுட்டியாமே!" என்றாள். அப்பாவிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

அவர் கோபப்படவில்லை. "அந்தக் கடுதாசியெல்லாம் நீ பள்ளிக்கூடம் போறப்பவே நான் படிச்சாச்சுடி. உசுரோட இருந்தும் புள்ள வரலன்னு ஒரு தாயைப் பத்தி வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லணுமா? செத்துட்டான்னே இருக்கட்டும்" என்றார். பிறகு வெகுநேரம் இருமினார்.

உன்னைப் பற்றி யார் கேட்டாலும், "அவனுக்கு அங்க லீவே குடுக்க மாட்டேங்கறாங்க" என்றுதான் பதினொரு வருஷமாகச் சொல்கிறார். அதை அவர் நம்புகிறார் என்றே நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, அடக்கக் காரியம் பார்க்கும் மக்ஃபேல் வந்தார். அப்பாவே கூப்பிட்டிருக்கிறார். பெட்டியைக் குழியில் இறக்கும் எட்டுக் கயிற்றுக்கும், எதை யார் பிடிப்பது என்று குறிக்க எட்டு அட்டை. பெயர்களை அவரே எழுதினார். முதல் அட்டை, தலைமாட்டுக் கயிறு, உனக்கு. நீ வர முடியாவிட்டால் நான் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "உனக்குக் கால்மாடு இருக்கு. அவன் வரலன்னா அது சும்மாவே தொங்கட்டும். யாரும் தொடக் கூடாது" என்றார். மக்ஃபேல் கையிலிருந்த தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிடிக்க ஆளில்லாத கயிற்றோடு இந்த ஊரில் யாரையும் இறக்கியதில்லை. உனக்கும் தெரியும். ஊரே நின்று பார்க்கும். லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல அன்றைக்கு அவர் இருக்க மாட்டார். எனக்கு அப்படிச் சொல்ல வராது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இருவரும் சண்டை போட்டதில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. அவரும் இப்போது கேட்பதில்லை. இன்று காலை, நியூசிலாந்தில் மணி என்ன என்று மட்டும் கேட்டார்.

அவர் கண் திறந்திருக்கும்போதே வா, தம்பி.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா இஷ்பெல்