மேற்கு என்று சொல்லிவிட்டேன்

1982 பெப்ரவரி, வெள்ளிக்கிழமை. கல்முனை.

ஜும்ஆ முடிந்ததும் பாலமுனைக்கு, இஸ்மாயிலின் மனைவியைப் பார்க்கப் போனேன். ஈராக்கின் வடக்கு மலையில், யுத்தத்துக்கென்று அவசரமாகப் போட்ட ரயில் பாதையில் அவனும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். சுரங்கம் இடிந்து அவன் மௌத்தானான்.

கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

“காக்கா, அவரக் குளிப்பாட்டிக் கபனிட்டுத்தானே அடக்கினீங்க?”

“ஓம் தங்கச்சி.”

“கிப்லாவப் பாத்து வெச்சீங்களா?”

“ஓம். மேற்குப் பக்கமாத்தான் வெச்ச.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று அழுதாள். எதிரே அவளுடைய தம்பி இருந்தான், பாக்தாதில் இரண்டு வருடம் மேசன் வேலை பார்த்தவன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊருக்குத்தான் மக்கா மேற்கே; மேற்கே பார்த்துத் தொழுவோம். அந்த மலையில் ஏழு மாதம் நான் தொழுததெல்லாம் தெற்கே பார்த்து.

பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தான்.

“மையித்து கிடைக்கவேயில்ல, என்ன காக்கா?”

இரண்டு நாள் தோண்டினோம். பிறகு பாதை வேலை நிற்கக் கூடாதென்று இடிந்த பக்கத்தைக் கொங்கிறீட் போட்டு அடைக்கச் சொன்னார்கள். நானும்தான் கொங்கிறீட் சுமந்தேன். இதை அவனிடம் சொல்லவில்லை.

“ராத்தாக்கிட்ட நான் இதக் கதைக்கமாட்டன்” என்றான்.

விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது. இடிந்த நேரம் இஸ்மாயில் என்னைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தான். நான் சுரங்க வாசலில் நின்றேன். அந்த வாசல் வடக்கே இருந்தது, கிப்லாவுக்கு நேர் எதிரே.