செவ்வாய்க்கிழமை துடித்தது என் நெஞ்சு

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம் என்று எப்போதும் ஒரே வரியில் முடித்துவிடுவேன், இந்தத் தடவை அதைப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. உன் அப்பா நலம். எனக்குத்தான் நெஞ்சில் ஒரு கோளாறு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, அதற்காகப் பதறாதே, உன்னைத் திட்டி எழுதுகிற தெம்பு இருக்கிறது. போனில் சொல்வதற்கென்ன என்பாய். நீ போன் செய்தால் அது அப்பா கைக்குத்தான் போகிறது. என்ன சாப்பிட்டார், எவ்வளவு நடந்தார், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று எல்லாம் விசாரித்து முடித்த பிறகு கடைசியில் என்னிடம் வரும், வந்ததும் அம்மா, அப்பாவுக்கு மாத்திரை மறக்காம குடுக்கறியா என்பாய், குடுக்கறேன் என்பேன், சரிம்மா வெச்சிடறேன் என்பாய். இதற்கு நடுவில் என் நெஞ்சை எங்கே கொண்டுவந்து செருகுவது? அதனால்தான் கடிதம், நான் பேசி முடிக்கும்வரை நீ வைக்க முடியாது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன் அப்பா மேல் பொறாமை. பயிற்சிக் காரில் மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்ததே, ரிவர்ஸ் எடுக்கக்கூடத் தெரியாத அந்தப் பெண்ணே ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாளே, பிரேக் பிரேக் என்று கத்தாமல் அவர் போன ஒரே பயணம் அது, அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத் தெரியும். ரத்தக்குழாயில் குட்டி வலைச் சுருள் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் இந்தப் பொறாமை வந்தது. உன் அத்தை வருவாள், கூடை நிறையப் பழம், எல்லாம் அண்ணனுக்கு, உரித்து விதை எடுத்துக் கையில் கொடுப்பாள், அண்ணி நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க என்று ஒரு வார்த்தை வராது. டிரைவிங் ஸ்கூலிலிருந்து கும்பலாக வந்து பிரேக் மாஸ்டர், உங்க உடம்பை நல்லா பாத்துக்கங்க என்பார்கள், பார்த்துக்கொள்கிறவள் தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பேன். அந்த நர்ஸ் இருக்கிறாளே, இதய நோயாளிகளை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறவள், அவளை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாணமான புதிதிலிருந்து சிகரெட்டை விடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் ஒரு காகிதத்தில் குழாய் மாதிரி இரண்டு கோடு போட்டு, உள்ளே கொழுப்பு எப்படிப் படிகிறது, புகை எப்படிக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது என்று சிரித்த முகமாகச் சொன்னாள், அன்றோடு விட்டார். உப்பைக் குறையுங்க சார் என்றாள், வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் பாட்டிலை அவரே எடுத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டார், அது நான் போட்ட ஊறுகாய். எல்லாருக்கும் நெஞ்சுலதான் வலி வரும்னு இல்ல சார், சிலருக்குத் தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், மூச்சு வாங்கும், காரணமே இல்லாம அசதியா இருக்கும், பொம்பளைங்களுக்கு அப்படி வர்றது அதிகம், கேஸ்னு நினைச்சுப் பேசாம இருந்துடுவாங்க என்றும் சொன்னாள். அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில்தான் நின்றேன், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நானும் எனக்கென்று கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் நீ அனுப்பினாயே அந்தக் கைக்கடிகாரம். பெட்டியைப் பிரித்ததும் எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று அடிக்காகிதத்தைக்கூடத் தூக்கிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, அம்மா, இதை தினமும் சார்ஜ் போடுவது உன் பொறுப்பு என்று எழுதியிருந்தாய். சரி, போட்டேன். அவர் நடந்தாலும் படுத்தாலும் அவர் துடிப்பு உன் போனில் தெரிகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், என் பொண்ணு அங்கேருந்து என் நெஞ்சைப் பாத்துட்டே இருக்கா என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரியும். எனக்கும் நெஞ்சு இருக்கிறது, உன்னைப் பத்து மாதம் அதற்கடியில்தான் வைத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ஆசை யாரை விட்டது, எடுத்து என் கையில் கட்டிக்கொண்டேன், என்னைப் பற்றி என்னதான் சொல்கிறது பார்ப்போம் என்று. மேல்மாடி வீட்டுக்காரிக்குத் தைத்த திரைச்சீலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன், கனமான துணி, அடியில் பட்டை வைத்துத் தைத்தது. ஸ்டூலில் ஏறிக் கையைத் தூக்கி வளையத்தை மாட்டும்போது நெஞ்சு, நூல் சிக்கிய தையல் மெஷின் மாதிரி திடுதிடுவென்று ஓடி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. தாடை கடுத்தது, வேர்த்துக் கொட்டியது. கடிகாரம் வேறு மணிக்கட்டில் அதிர்ந்துகொண்டே இருந்தது, யாரோ ஒருத்தி கட்டிக்கொண்டாள் என்று கோபித்துக்கொள்கிறது போல என்று நினைத்தேன், பார் என் புத்தியை. அந்த வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தாள், கொஞ்சம் உட்கார்ந்ததும் அடங்கியது, கீழே வந்து கடிகாரத்தைக் கழற்றி இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டார். உடனே உன் போன். அப்பா, உங்க துடிப்பு தாறுமாறா ஓடியிருக்கு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று நீ அழுதது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. அத்தை ஓடி வந்தாள், வாடகைக் கார் வந்தது, அவர் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது, கடிகாரம் சில சமயம் தப்பாகக் காட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதுகுக்குத் தலையணை, காலுக்கு ஒரு தலையணை, அத்தை பழம் உரிக்கிறாள், நான் சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டு நிற்கிறேன். துடித்தது என் நெஞ்சு, உபசாரம் அவருக்கு. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், அசதியில் வந்த படபடப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. நீ அழுதாயே, அது எனக்காக அழுதது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார் என்று ஒரு வீம்பு, இவர்கள் யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டுமே என்று ஒரு வீம்பு.

கண்டுபிடித்தது யார் தெரியுமா, அந்த நர்ஸ்தான். அவருடைய வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது செவ்வாய்க்கிழமை கதையைச் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். அந்த நேரத்துல என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க என்று கேட்டாள். குளிச்சுட்டு இருந்தேன் என்றார். கடிகாரத்தோடவா குளிப்பீங்க என்றாள். இல்ல, கழட்டி வெச்சுட்டுத்தான் என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் அவர் சட்டையோடு நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்ப அது யாரு கையிலம்மா இருந்துச்சு என்றாள். எனக்கு என்ன ஆனதோ, பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. சார், நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க என்று அவரை எழுப்பிவிட்டு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்தவள் டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டாள். எத்தனை வருஷமாக ஏறிக் கிடந்ததோ, வலிக்காததால் தெரியவில்லையாம். அது கவனிக்காமல் கிடந்ததில் இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிக்கிறது, அப்படித் துடிக்கும்போது ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் வாய் கோணிக் கை விழுந்துவிடும், நல்லவேளை அதற்குள் வந்தீர்கள் என்றார் டாக்டர். ரத்தம் கட்டாமலிருக்க ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று. தாடை கடுத்ததால் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், அதுதான் பாக்கியிருக்கும் பரிசோதனை, அடுத்த வாரம்.

காரில் வரும்போது டிரைவர் சிக்னலைத் தாண்டியும்கூட உன் அப்பா கண்டிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, அன்னிக்கு நான் சாப்பிட்ட பழமெல்லாம் உன்னோடதா என்றார். ஆமா என்றேன். கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினார், எந்தத் துளையில் மாட்டுவது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். இப்போது காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம், ஒரே பானையில் உப்புக் குறைத்த சமையல், நர்ஸ் முதலில் என்னைத்தான் விசாரிக்கிறாள், அதற்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அப்பா பக்கம் அடைப்பு, அம்மா பக்கம் அழுத்தம், இரண்டு பக்கத்துச் சொத்தும் உனக்குத்தான், வேறு வாரிசு கிடையாது. சின்ன வயசு என்று இருக்காதே, இந்த வாரமே போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார். நாற்காலியே கதி என்று இருக்காமல் எழுந்து நட, பாக்கெட்டில் வருகிற உப்புப் பண்டத்தை விடு, ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. மூச்சு வாங்கினாலோ தாடை கடுத்தாலோ கேஸ் என்று சொல்லிக்கொண்டு கிடக்காதே, உடனே போ, அப்படியே எனக்கும் ஒரு வார்த்தை சொல். நீ எங்களைப் பார்க்கிற மாதிரி உன் துடிப்பைப் பார்க்க எனக்கு இங்கே வழியில்லை. அந்தப் பொறாமையும் எனக்கு உண்டு.

தீர்க்காயுசாக, நெஞ்சில் ஒரு குறையும் இல்லாமல், ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்து நன்றாக இரு. போன் செய்தால் முதலில் என்னைக் கூப்பிடச் சொல். காலையில் எழுந்ததும் நீ பார்க்கிற அந்த எண் இனிமேல் அம்மாவுடையது. அப்பாவுக்கு வேறு கடிகாரம் அனுப்ப வேண்டும்தான், அனுப்பு, ஆனால் உடனே அனுப்பாதே, கொஞ்ச நாள் அவரும் பொறாமைப்படட்டும்.

இதை எழுதும்போது எப்படித் துடித்தேன் என்று நீ அங்கே பார்த்திருப்பாய்,
உன் அம்மா